மூன்றாவது மாடி வாஷ்பேசின்

அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். பிளம்பர் வேலையில் முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. ஒரு குழாயைக் கழற்றச் சொன்னால் முதலில் அதனிடம் குசலம் விசாரித்துவிட்டுத்தான் கை வைப்பார் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்கு ஒரு போன் வந்தது. வயதான பெண்ணின் குரல். பாத்ரூமில் வாஷ்பேசின் அடியில் தண்ணீர் இறங்குகிற இடம் வருஷக்கணக்காக ஒழுகுகிறது, கழற்றி மாற்றலாம் என்றால் அசையவே மாட்டேன் என்கிறது, நாலு பேர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள் என்றார். நாலு பேரும் சொன்னது ஒன்றேதான்: பேசினை உடைக்க வேண்டும். பேசின் உட்கார்ந்திருப்பது கல் பலகையில். அதை உடைத்தால் பலகை போகும், பலகை போனால் சுவர் ஓடு போகும், ஒரு வாரம் வீடு வீடாக இருக்காது. "உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தின்னு சொன்னாங்க" என்று முடித்தார்.

விலாசம் கேட்டுக் குறித்துக்கொண்டார். தெருவின் பெயர் அவருக்குத் தெரியாத பெயராக இருந்தது. பெயரை மாற்றியிருக்கிறார்கள் என்பது வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறும்போதுதான் புரிந்தது. கட்டடத்துக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள், முன்னால் பெரிய இரும்புக் கேட் போட்டிருந்தார்கள். ஆனால் இரண்டாவது மாடித் திருப்பத்தில் படிக்கட்டின் கைப்பிடிக் குழாய் லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது. கை அதில் பட்டதும் அவர் நின்றுவிட்டார். கட்டடம் எழும்பியபோது மொட்டை மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்றினார்கள். கயிறு நழுவித் தொட்டி இடித்து வளைந்தது அந்தக் குழாய். கயிற்றைப் பிடித்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

இருபத்துநாலு வீடு இருக்கிறது, அத்தனை பேசின் இருக்கிறது, நாம் வைத்ததாகவா இருக்கப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினார்.

கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபது தாண்டியிருக்கும். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. இடது கண்ணில் வெண்மை படர்ந்திருந்தது. ஒருக்களித்துப் பார்த்து அவரை உள்ளே விட்டு, பாத்ரூம் விளக்கைப் போட்டார்.

வெளிர்ப்பச்சை பேசின், கறுப்புக் கல் பலகை. அடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. அவர் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.

பேசின் ஓட்டையில் மேலிருந்து இறங்கி, அடியில் ஒரு பெரிய நட்டால் இறுக்கப்படுகிற பித்தளைத் துண்டு ஒன்று உண்டு. தொழிலில் அதற்கு வேஸ்ட் கப்ளிங் என்று பெயர். அந்த நட்டு இருக்கவேண்டிய இடத்தில் நட்டே தெரியவில்லை. சாம்பல் நிற எபாக்சிப் பசை குளவிக்கூடு மாதிரி அதைச் சுற்றி அப்பியிருந்தது. பசை காய்வதற்கு முன்னால் யாரோ விரல்களால் அழுத்தித் தேய்த்த தடம் அப்படியே கல்லாகிக் கிடந்தது. மூன்று விரல் தடங்கள். அதில் ஆள்காட்டி விரலின் தடம் மட்டும் குட்டையாக, நுனி மழுங்கி இருந்தது.

நிதானம் தன் இடது கையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. பத்தொன்பது வயதில் பைப்பின் முனையில் திருகு மரை போடும் இயந்திரத்தில் அந்த விரலின் நுனியைக் கொடுத்தவர் அவர்.

"முடியுமா தம்பி?" என்று வாசலிலிருந்து அந்த அம்மாள் கேட்டார்.

"பாக்கறேம்மா" என்றார். குரல் அவருக்கே யாருடைய குரலோ மாதிரி கேட்டது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். கட்டடத்து வேலை முடியும் தறுவாயில் ஸ்டோரில் ஒரு பெட்டி பித்தளைச் சாமான் குறைந்தது. சூப்பர்வைசர் விசாரிக்கவெல்லாம் இல்லை. மதியச் சாப்பாட்டு வேளையில், எல்லோரும் கையில் சாப்பாட்டுடன் உட்கார்ந்திருந்தபோது, நேராக அவரிடம் வந்து அவருடைய பையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தான். நட்டுக் கழற்றும் பானாவும் பிளேடும் நூல்கண்டும் மனைவி மடித்து வைத்த துண்டும் மண்ணில் விழுந்தன. சட்டைப் பையைத் தடவினான். அவரை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்ட மச்சான் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார், அவரும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து சிமெண்டு மூட்டைக்குப் பின்னால் அந்தப் பெட்டி அகப்பட்டது. சூப்பர்வைசர், "சரி சரி, வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவர் வேலையைப் பார்த்தார். மூன்றாவது மாடியில் கடைசி பேசின் பாக்கி இருந்தது. ரப்பர் வாஷர்களை எடுத்து ஜன்னல் வழியாக வீசினார். பித்தளையை வெறுமனே பீங்கானில் உட்காரவைத்து, நட்டை வெறிகொண்ட மாதிரி இறுக்கி, அதன்மேல் இரண்டு டப்பா எபாக்சியைப் பிசைந்து அப்பினார். ஆறு மாசத்தில் கசிய ஆரம்பிக்கும், எவன் வந்தாலும் கழற்ற முடியாது, அழட்டும் என்று நினைத்தார். யார் அழ வேண்டும் என்று அப்போது யோசிக்கவில்லை. சூப்பர்வைசர் அந்த வீட்டில் குடியிருக்கப் போவதில்லை என்பது அவ்வளவு சின்ன விஷயம், அது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் காலையில் கோபம் இறங்கியிருந்தது. பசை முழுதாக இறுகுவதற்குள் பிரித்துச் சரிசெய்துவிடலாம் என்று சீக்கிரமே கிளம்பிப் போனார். அதற்குள் பிளம்பர்கள் யாரும் இனி வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மூன்றாவது மாடி ஜன்னலில் திரைச்சீலை தொங்கியது. மனசு கேட்காமல் படியேறினார். இரண்டாவது மாடித் திருப்பம் வரை வந்தார். கதவைத் தட்டி என்னவென்று சொல்வது? வார்த்தை அகப்படாமல் இறங்கிவிட்டார். அதற்கப்புறம் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டே போய்வந்தார். இந்நேரம் யாராவது மாற்றியிருப்பார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் தன்னைத் தேற்றிக்கொண்டார். பிற்பாடு வேலையில் அவர் ஒரு வாஷரைக்கூட விட்டதில்லை. அவர் நிதானம் ஆனது அந்தக் கட்டடத்துக்கு அப்புறம்தான்.

இப்போது அதே இடத்தில் மண்டியிட்டிருந்தார். முதலில் கீழே தொங்கிய வளைவுக் குழாயைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு பசையைச் சுரண்டிப் பார்த்தார். திருப்புளி நுனி வழுக்கியது. துருவுக்கு விடும் எண்ணெய் இதில் இறங்காது. சுத்தியலால் தட்டினால் பீங்கான் விரிந்துவிடும். சூடு காட்டினால் எபாக்சி கொஞ்சம் இளகும், ஆனால் நெருப்புக் காட்டினால் பேசின் தாங்காது. வெந்நீரில் துணியை நனைத்துச் சுற்றிப் பார்த்தார், போதவில்லை. தலைமுடி காயவைக்கிற மெஷின் வீட்டில் இருக்குமா என்று கேட்டார்.

அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டில் எதையோ நகர்த்தி, பாலித்தீன் பையில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். சாதாரணமாக வீட்டில் வைத்திருக்கும் மெஷின் இல்லை அது. கடைகளில் வைத்திருக்கும் கனமான மெஷின்.

"என் தங்கச்சியோடது. விட்டுட்டுப் போயி ஒம்பது வருஷம் ஆச்சு. வேலை செய்யுமான்னு தெரியல."

வேலை செய்தது. அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சுரண்டினார். சூடான பசை பிசிர் பிசிராக வந்தது, விரல் தடம் பதிந்த துண்டு மட்டும் முழுசாகப் பெயர்ந்து விழுந்தது. அந்த அம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் பாத்ரூம் வாசலில் போட்டு உட்கார்ந்தார். பேச ஆள் கிடைக்காத வீடு அது. கணவர் போய் மூன்று வருஷம். மகன் கடல் கடந்த ஊரில். மெஷினின் இரைச்சலுக்கு நடுவே அவர் விட்டு விட்டுப் பேசினார்.

நாளை மறுநாள் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன். ஒரு மாசம் குனியக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குனியாமல் இருந்தால் கிண்ணத்தை யார் கொட்டுவது? காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, இருபது வருஷத்துக்கு மேல் இந்தக் கிண்ணத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறார். வெளியூருக்குப் போனால்கூடப் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கணவர் இருந்தவரைக்கும் ஆளைக் கூப்பிடலாம், உடைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தப் பச்சைக் கலரை ஏழு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். உடைக்கிற அன்றைக்கு அவருக்கே மனசு வராது. இன்றைக்கு நாளைக்கு என்று காலம் ஓடிவிட்டது.

"துணைக்கு யாரும்மா இருக்கா?" என்று நிதானம் கேட்டார்.

தங்கச்சி வருகிறாள், இன்றைக்குச் சாயங்காலம் என்றார். சொல்லிவிட்டு முந்தானை நுனியால் அந்தக் கண்ணை ஒற்றிக்கொண்டார். யாரோ சொந்தக்காரர் மூலமாக விஷயம் தெரிந்து அவளே போன் பண்ணினாளாம். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் கேட்ட குரல். பேசியது இரண்டே வார்த்தை: நான் வரேன்.

அப்புறம் அந்தக் கதையும் வந்தது. தங்கைக்குச் சொந்தமாகப் பெண்களுக்கு முடி வெட்டும் கடை இருந்தது. இரண்டே நாற்காலி. ஆனால் அவள் கைக்காகவே இரண்டு பஸ் மாறி வருவார்கள். ஒரு தடவை அக்காவுக்குக் காய்ச்சல் என்று கடையை மூடிவிட்டு இங்கே வந்து பத்து நாள் இருந்தாள். ராத்திரி அசதியில் யாரும் கிண்ணத்தைக் கொட்டவில்லை. காலையில் அது நிறைந்து வழிந்து ஓடு முழுக்கத் தண்ணீர். கிண்ணத்தைத் தூக்கப் போனவள் சறுக்கி விழுந்தாள். வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. கம்பி வைத்து, கட்டுப்போட்டு, பிரித்துப் பார்த்தபோது கை முழுதாகத் திரும்பவில்லை. கத்தரிக்கோல் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்காத கையை வைத்துக்கொண்டு என்ன கடை நடத்துவது? இப்போது வேறொருவர் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நிதானத்தின் கையில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எபாக்சி எப்போதோ இளகியிருந்தது. அவர் சுரண்ட மறந்திருந்தார்.

"கை உடைஞ்சது கூடப் பரவால்ல தம்பி. ஆஸ்பத்திரில வெச்சு நான் ஒரு வார்த்த சொன்னேன். கண்ணத் திறந்து வெச்சுக்கிட்டு நடக்கத் தெரியாதாடின்னு. பயத்துல வந்த வார்த்த அது. ஆனா வந்துடுச்சு. அதுக்கு அவ, கிண்ணம் வெக்கத் தெரிஞ்ச உனக்கு ஒரு ஆளக் கூப்பிடத் தெரியலயேன்னா. அவ்வளவுதான். அதோட முடிஞ்சுது."

பிறகு, சிரிக்கப் பார்ப்பவர் மாதிரி சொன்னார்: "இத மாட்டினவன் எந்தப் புண்ணியவானோ."

நிதானம் தலையைப் பேசினுக்கு அடியிலேயே வைத்திருந்தார். மேற்கொண்டு வேலையைப் பார்த்தார். பசையெல்லாம் வழித்தெடுத்ததும் பச்சைக் களிம்பு பூத்த நட்டு தெரிந்தது. மேலே கப்ளிங்கின் சல்லடைக் கண்களில் இரண்டு கம்பிகளைச் செருகி அசையாமல் பிடித்துக்கொண்டு கீழே ரெஞ்ச் போட்டார். அசையவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை இறுக்கிய தன் கை வலுவை அவர் முதல் முறையாக நொந்துகொண்டார். இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, நட்டை மேலிருந்து கீழாக அறுக்கத் தொடங்கினார். பீங்கானில் பல் படாமல் அறுக்க வேண்டும். பத்து இழுப்பு, ஓய்வு, பத்து இழுப்பு. பித்தளைத் தூள் முகத்தில் உதிர்ந்தது. இரண்டு பிளேடு முறிந்தது. மூன்றாவது பிளேடு மரையைத் தொட்டதும் நிறுத்தி, வெட்டில் திருப்புளியை நுழைத்து மெல்லத் திருகினார். டக்கென்று ஒரு சத்தம். பேசின் போய்விட்டது என்று நினைத்தார். டார்ச் அடித்தார். பிளந்தது நட்டுதான். மரக்கட்டையைக் கீழே கொடுத்து இரண்டு தட்டுத் தட்ட, கப்ளிங் மேலே எழும்பி வந்தது.

மணி ஒன்றரை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கப்ளிங்கையும் பெயர்ந்த பசைத் துண்டையும் பழைய பேப்பரில் போட்டுத் தரையில் வைத்தார். பேசின் ஓட்டையைச் சுற்றித் களிம்புப் பச்சையாக ஒரு வளையம் இருந்ததே தவிர ஒரு கீறல் இல்லை.

அந்த அம்மாளுக்கு வாயெல்லாம் பல். நாலு பேர் கைவிட்டதை உடைக்காமல் எடுத்துவிட்டீர்களே என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு என்றார். நிதானம் அந்தப் பாராட்டை நின்று கேட்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு புதுசை மாட்டிவிட்டுப் போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

"அம்மா, இத இப்படி வெச்சது நான்தான்" என்றார்.

அந்த அம்மாள் பேப்பரில் கிடந்த கப்ளிங்கைப் பார்த்தார். "அங்கயே இருக்கட்டும் தம்பி, அப்புறம் தூக்கிப் போட்டுக்கலாம்."

"அது இல்லம்மா. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி. இந்தக் கட்டடத்துல வேல பாத்தேன். இத மாட்டினது நான்."

அவர் தன் இடது கையை நீட்டி, பேப்பரில் கிடந்த பசைத் துண்டு ஒன்றின்மேல் அந்தக் குட்டை விரலை வைத்துக் காட்டினார். அச்சாகப் பொருந்தியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பையைக் கவிழ்த்தது, வாஷரை வீசியது, மறுநாள் வந்தது, இரண்டாவது மாடி வரை ஏறி இறங்கியது, ஒன்றையும் விடவில்லை.

அந்த அம்மாள் ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தார்.

"தெரியாம விட்டுப் போச்சுன்னு சொல்றீங்களா?"

"இல்லம்மா. வேணும்னேதான்."

"யாரு இங்க குடிவருவாங்கன்னு நெனச்சீங்க?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "யாரோன்னு நெனச்சேன்."

"யாரோ" என்று அந்த அம்மாள் திருப்பிச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த வார்த்தையை முதல் தடவையாகக் கேட்கிறவர் மாதிரி சொன்னார். பிறகு எழுந்து அறைக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது நிதானத்துக்கு.

சாப்பாட்டுப் பேச்சு அதன்பின் எழவில்லை. அவர் புதுக் கப்ளிங்கை மாட்டினார். மேலே ஒரு வாஷர், கீழே ஒரு வாஷர், அளவான இறுக்கம். பேசின் நிறையத் தண்ணீர் விட்டு, தாளை அடியில் வைத்து, அரை மணி நேரம் பார்த்தார். தாள் காய்ந்தே இருந்தது. பையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அந்த அம்மாள் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"அஞ்சு மணிக்கு அவ வருவா. நீங்க இருந்து, என்கிட்ட சொன்னத அவகிட்டயும் சொல்லணும்."

"சொல்றேம்மா."

"அந்த சூப்பர்வைசர் இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா?"

"தெரியாதும்மா."

"என் தங்கச்சி எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். பஸ்ல அர மணி நேரம். ஒம்பது வருஷமா அந்த பஸ்ஸு இந்தத் தெருமுனையிலதான் நிக்குது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டார்.

அவர் கீழே இறங்கி வண்டியில் சாய்ந்தபடி காத்திருந்தார். ஓடிப்போக ஒரு நினைப்பு வந்தது. வண்டிச் சாவியைக்கூட எடுத்தார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண், இடது தோளில் பையை மாட்டிக்கொண்டு, தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். வலது கையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்திருந்தார். நிதானம் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஏறினார்.

சகோதரிகள் கட்டிக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. கதவருகே நின்று, "கண்ணு எப்படி இருக்கு?" என்று தங்கை கேட்டார். "பால் ஊத்தின மாதிரி இருக்கு" என்றார் அக்கா. "இளைச்சுட்ட" என்றார் தங்கை. அதோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிட்டது. அக்கா நிதானத்தைக் காட்டி, இவர் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார்.

இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. கேட்பவரின் கை அவர் கண்ணுக்கு எதிரிலேயே மடியில் கிடந்தது. அவர் முடித்ததும் தங்கை, "இன்னொரு தடவ சொல்லுங்க, மெதுவா" என்றார். அவர் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்லவில்லை. பேசினைப் பற்றி மட்டும் சொன்னார்.

தங்கை அவரைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார்.

"நீ அன்னைக்கு என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நான் சொன்னது?"

"அதுவும் இருக்கு."

"கிண்ணம் இல்ல அக்கா. கிண்ணத்துக்காக யாராவது ஒம்பது வருஷம் பேசாம இருப்பாங்களா? நீ வந்து ஒரு தடவ கதவத் தட்டுவேன்னு பாத்தேன். ரெண்டு வருஷம் நெஜமாவே பாத்தேன். அப்புறம் பழகிப்போச்சு. மாமா போனப்பக்கூட வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

"பாத்தேன். நீ வந்தத நான் பாத்தேன்" என்றார் அக்கா.

"பாத்தியா? பாத்துட்டு ஏன் கூப்பிடல?"

நிதானம் அந்த இடத்தில் தான் இருக்கக்கூடாது என்று நினைத்தார். எழுந்து போகவும் தெரியவில்லை. கடைசியில் தங்கைதான் எழுந்தார், முகம் கழுவப் பாத்ரூமுக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. அவர் குழாயின் உருண்டைத் திருகை வலது கையால் தொட்டு, திருப்ப வராமல், உடம்பைச் சாய்த்து இடது கையைக் குறுக்கே நீட்டித் திறந்ததை நிதானம் பார்த்தார். மூடும்போது முழங்கையால் அழுத்திப் பார்த்து, முடியாமல், மறுபடி சாய்ந்தார். பழகிப்போன வித்தை. ஒன்பது வருஷம் தினமும் எத்தனை தடவையோ!

அவர் வெளியே வந்ததும், திருகு இல்லாத குழாய் இருக்கிறது, நீளக் கைப்பிடி வைத்தது, ஒரு விரலால் தள்ளினாலே திறக்கும், நாளைக்கு வந்து மாற்றிவிடட்டுமா என்று நிதானம் கேட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்து நின்றது. குழாயைப் பற்றித்தான் பேசத் தெரிந்தது.

தங்கை துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவரை முதல் முறையாக நேராகப் பார்த்தார்.

"இந்த வீட்டுலயா? இங்க நான் ஒரு மாசந்தான் இருப்பேன். என் வீட்டுல ஏழு குழாய் இருக்கு."

நிதானம் இரண்டு வீட்டுக்கும் குழாய் மாற்றினார். அக்கா வீட்டில் மறுநாளே வேலை முடிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக நடந்ததாகவும் தங்கை கூடவே இருந்து பார்த்துக்கொண்டதாகவும் பிறகு போனில் கேள்விப்பட்டார். இருவரும் முன்போல் பேசிக்கொள்கிறார்களா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாள் தானாகவே, "பேசிக்கறோம். நடுவுல நடுவுல ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுடுது. பரவால்ல" என்றார்.

ஒன்றரை மாசம் கழித்துத் தங்கையின் வீட்டுக்குப் போனார். தரைத்தளத்தில் சின்ன வீடு. முன்னறையில் ஒரு மூலையில் சுழல் நாற்காலி ஒன்று, மேலே துணி போர்த்திக் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு குழாயாக மாற்ற மாற்ற, தங்கை வந்து வலது கையின் பின்புறத்தால் தள்ளிப் பார்ப்பார். நான்காவது குழாய் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அவர் எதுவும் சொல்வதற்கு முன்பே நிதானம் அதைக் கழற்றித் தளர்த்தினார்.

"அக்கா மேல ஒம்பது வருஷம் கோவமா இருந்தேன்" என்று தங்கை சொன்னார், குழாயைத் திறந்து மூடிக்கொண்டே. "உங்க மேல நியாயமா இப்பத்தான் ஆரம்பிக்கணும். தெம்பு இல்ல."

"கோவப்படுங்கம்மா. எப்ப வேணாலும் கோவப்படுங்க" என்றார் நிதானம்.

தங்கை லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண், தன் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். புதிதாகக் குடிவந்தவள் போலிருக்கிறது. நீங்கள் நன்றாக முடி வெட்டுவீர்களாமே, நெற்றியில் விழுவதை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிவிடுவீர்களா, ஐந்து நிமிஷ வேலைதானே என்று கேட்டாள். நிதானம் குளியலறையில் பானாவைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

தங்கை அந்தக் குழந்தையின் முடியைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் "நல்ல முடி, அடர்த்தியா இருக்கு" என்று அவர் குரல் கேட்டது. பிறகு, "நான் இப்ப வெட்றதில்லம்மா" என்றார். தெருக்கோடியில் ஒரு கடை இருப்பதாகவும், அங்கே இருக்கும் பெண்ணிடம் தன் பெயரைச் சொல்லும்படியும் சொல்லி அனுப்பினார்.

கதவு மூடியது. நிதானம் காத்திருந்தார். தங்கை திரும்பி வந்து குளியலறை வாசலில் நின்றார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தார், தானறியாமல் பிடித்த மாதிரி.

"அடுத்தது சமையலறை" என்றார். "அங்க ரெண்டு இருக்கு."

நிதானம் தரையில் சிந்தியிருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் துடைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு தங்கையின் பின்னால் போனார்.